அவருடைய தோல் சீற்

என் கணவருக்கு இடக்கால் வலக்காலைவிடக் கொஞ்சம் குட்டை. பத்து வயதில் நாவல் மரத்தால் விழுந்து முறிந்த கால். நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. சைக்கிளில் ஏறினால் தெரியும். இடப்பக்க மிதி கீழே போகும்போதெல்லாம் இடுப்பும் அந்தப் பக்கம் தாழும். றோட்டில் பத்துச் சைக்கிள் வந்தாலும் அவருடையது எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

அவர் படிப்பித்த பள்ளிக்கூடம் கிரானுக்கு மேற்கே, ஆற்றுக்கு அங்கால் இருந்தது. வந்தாறுமூலையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வழிக்குப் பத்து மைலுக்கு மேல். பாதித்தூரம் கிரவல் றோட்டு, மீதி வயல் வரம்பு. பஞ்சு வைத்த சைக்கிள் சீற் அந்த ஓட்டத்துக்கு ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காது. மேலே றெக்சின் வெடிக்கும், பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும், பிறகு கம்பி குத்தும். இரண்டு சீற் அப்படிப் போனபிறகு அவர் ஏறாவூரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்கார முஸ்லிம் காக்கா கூரை வளையில் தொங்கிக் கிடந்த பழைய இங்கிலீசுத் தோல் சீற் ஒன்றைக் கழற்றித் தூசி தட்டிக் கொடுத்தாராம்.

"மாஸ்டர், இது ஆறு மாசத்துக்கு உங்கள அழ வைக்கும். அதுக்குப் பிறகு நீங்க மௌத்தாகும் மட்டும் கூட வரும்" என்று சொன்னாராம். சாகும்வரை கூட வருமாம்.

அழத்தான் வைத்தது. நான் கலியாணம் கட்டிப் போன முதல் மாதங்களில் அவர் வீட்டுக்கு வந்தால் கதிரையில் உட்காரமாட்டார். மரப்பலகையில் இருந்து பத்து மைல் ஓடுவது போல என்பார். ஆனால் கழற்றி எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தேன்மெழுகில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு உருக்கி, சீற்றின் அடிப்புறத்தில் துணியால் தேய்ப்பார். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். உள்ளே பஞ்சு கிஞ்சு ஒன்றும் இல்லை. இரும்புச் சட்டத்தின் முன்முனையிலிருந்து பின்முனைக்கு இழுத்துக் கட்டிய தடித்த மாட்டுத்தோல், பின்னால் ஐந்து ஆணி, மூக்குக்குக் கீழே இழுவையைக் கூட்டக் குறைக்க ஒரு நட்டு. அவ்வளவுதான். தோல் மெல்ல மெல்ல அவருக்காக இளகியது. ஒரு வருடம் கழிந்தபோது இரண்டு பக்கமும் குழி விழுந்து, இடப்பக்கக் குழி ஆழமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சீற்றைக் குறை சொல்லவே இல்லை. இருபது மைல் ஓடிவிட்டு வந்தாலும் அதில் இருந்ததாகவே தெரியவில்லை என்றார். அதற்கு அவர் மரியாதை கொடுத்தது மழையில்தான். மழை வந்தால் தான் நனைந்தாலும் சீற்றுக்குப் பொலித்தீன் பை போடுவார். ஈரத்தோலில் ஆள் ஏறினால் அது ஒரேயடியாகத் தொய்ந்துபோகும் என்பார். ஒருமுறை பின் ஆணி ஒன்று தெறித்து விழுந்தபோது, கறண்ட் வயரின் தடித்த செப்புக் கம்பியை வெட்டி, தலையைச் சுத்தியலால் பரப்பி, அவரே ஆணி அடித்துக்கொண்டார்.

போர் நடந்த காலம். மகளுக்கு மூன்று வயதான வருடம், மாரி மழை தொடங்கியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போனவர் திரும்பி வரவில்லை.

மத்தியானம் வடக்குப் பக்கமாக ஒரு பெரிய சத்தம் கேட்டது. றோட்டில் கண்ணிவெடி என்றார்கள். அதற்குப் பிறகு துவக்குச் சூடு கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டரைக்கு வருகிறவர் நாலு மணியாகியும் வரவில்லை. இருட்டும்வரை நான் வேலியோடு நின்றேன். எங்களோடு இருந்த அவருடைய தங்கச்சி, என் மச்சாள், மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வடக்கேயிருந்து ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் விடிந்ததும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் ஆமி முகாமுக்கு நடந்தோம். வெடி வெடித்தால் றோட்டில் வந்தவர்களை அங்கேதான் பிடித்துக்கொண்டு போவார்கள். றோட்டோரத்துப் பழைய அரிசி ஆலைதான் முகாம். முள்ளுக்கம்பிக்கும் மண்மூட்டைக்கும் அங்கால், ஒருகாலத்தில் நெல் காயப்போட்ட சீமெந்துக் களம் தெரிந்தது. வாசலில் எங்களுக்கு முன்னமே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். தமிழ் கதைக்கிற ஒருவன் வந்தான். நான் அவருடைய பெயரைச் சொன்னேன், மாஸ்டர் என்றேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன்.

"இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்ல. நாங்க ஒருத்தரையும் பிடிக்கல்ல. வீட்ட போங்க."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் களத்தைப் பார்த்தேன். ஆலைச் சுவரோடு பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் சாத்திக் கிடந்தன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சேறு. மூன்றாவதின் சீற் மட்டும் புளியங்கொட்டை நிறத்தில் மினுங்கியது.

"அந்தா அவர்ர சைக்கிள்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, அது போல ஆயிரம் சைக்கிள் இருக்கு என்றான். பிறகு உள்ளே போய் அதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தான். அவர்களுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் வந்து நின்றார்கள். ஒருவன் மற்றவனிடம் சிங்களத்தில் மெல்லச் சொன்னான்: "இவள் அந்த நொண்டியின் சைக்கிளைத்தான் சொல்கிறாள்."

எனக்குச் சிங்களம் தெரியும். அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். சிங்களவர் நடுவே, பொலநறுவைப் பக்கத்துக் குவாட்டர்சில்தான் நான் பதினொரு வயதுவரை வளர்ந்தேன். பேசவும் வாசிக்கவும் தெரியும். ஊரில் அது ஒருவருக்கும் பெரிதாகத் தெரியாது, சொல்லிக்கொள்கிற காலமும் இல்லை. நான் அவருடைய காலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவர்கள் அவரைக் கண்டிருக்கிறார்கள். ஆள் உள்ளே இருக்கிறார். சேலைத் தலைப்புக்குள் விரல்களைப் பொத்திக்கொண்டேன். முகத்தில் ஒன்றும் வரக்கூடாது என்று நிலத்தைப் பார்த்தேன்.

அதிகாரி கேட்டதைத் தமிழ்க்காரன் சொன்னான். "உன்ர புருசன்ட சைக்கிள் எண்டதுக்கு என்ன சாட்சி?"

"சீற்றப் பாருங்க. பின்னால அஞ்சு ஆணி. நடுவுல உள்ளது மட்டும் செப்பு, கையால அடிச்சது. இடப்பக்கம் குழி ஆழமா இரிக்கும். கீழ மூக்கடியில உள்ள நட்டு ஒரு பக்கம் மழுங்கிப் போயிரிக்கும், முடுக்கிற சாவி வழுக்கி வழுக்கி."

ஒரு சிப்பாய் போய்ப் பார்த்தான். சீற்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினான். குனிந்து அடியிலும் பார்த்தான். திரும்பி வந்து, சரிதான் என்று தலையசைத்தான். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் மாதிரித் தெரியவில்லை. ஏதோ யோசித்தார். பிறகு ஒரு தாளைக் கொண்டுவரச் சொன்னார்.

"நல்லம்" என்றான் தமிழ்க்காரன். "சைக்கிள் உங்கடதானாம். இதில கையெழுத்து வச்சிட்டு எடுத்துப் போகலாம்."

மச்சாள் என் முழங்கையைப் பிடித்தாள். சைக்கிளாவது கிடைக்கிறதே என்று அவளுக்கு. நான் தாளை வாங்கினேன். சிங்களத்தில் தட்டச்சடித்த நாலே வரி. வாசிக்கிறேன் என்று தெரியாதபடிக்கு, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுகிறவள்போல் கண்ணை மேலும் கீழும் ஓட்டினேன். றோட்டோரத்தில் உரிமையாளரின்றிக் கைவிடப்பட்டுக் கிடந்த சைக்கிளை, உரிமையாளரின் குடும்பத்தார் பெற்றுக்கொண்டதாக அதில் இருந்தது.

நான் கையெழுத்து வைத்தால் சைக்கிள் றோட்டில் கிடந்ததாகிவிடும். ஆள் இந்த வாசலுக்குள் வரவே இல்லை என்றாகிவிடும். அதற்குப் பிறகு யாரிடம் போய் எதைக் கேட்பது? கையெழுத்து வைக்காவிட்டால், ஏன் என்று கேட்பார்கள். வாசித்தாள் என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ.

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது" என்றேன்.

"தள்ளிக்கொண்டு போ."

"வேணாம். நிக்கட்டும். அவர் வந்து எடுப்பார்."

தமிழ்க்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆள் இல்ல எண்டு சொன்னது கேக்கல்லையா?" என்றான்.

"எங்க போனாலும் சைக்கிளத் தேடி வருவார். அவர் அத விடமாட்டார். இஞ்சயே நிக்கட்டும், ஐயா."

அவன் மொழிபெயர்த்தான். அதிகாரி என் கையிலிருந்த தாளைத் தானே இழுத்து எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்களைப் போகச் சொல்லிச் சிப்பாய் துவக்கை ஆட்டினான்.

மதகு தாண்டும்வரை மச்சாள் அழுதுகொண்டே வந்தாள். "அண்ணன்ட சைக்கிள் தானே மச்சாள், ஏன் வேணாமெண்டீங்க? அதயும் தூக்கிப் போட்டிருவானுகளே."

ஒருவரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு, சிப்பாய் சொன்னதையும் தாளில் இருந்ததையும் சொன்னேன். அவள் அப்படியே றோட்டில் குந்திவிட்டாள்.

சுற்றத்தாருக்குச் சொல்ல முடியவில்லை. வாய்க்கு வாய் போய் முகாமுக்கே போய்விடும். சைக்கிளையாவது கொண்டுவந்திருக்கலாம், இவளுக்கு அறிவு கெட்டுப்போச்சு என்றார்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். என் பிடிவாதத்துக்காக உள்ளே அவருக்கு இரண்டு அடி கூட விழுந்தால்? வேறு எங்காவது கொண்டுபோய்விட்டால்? சரி செய்தேனா பிழை செய்தேனா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் விடிந்தது. விடிந்ததும் போனேன். மச்சாளைக் கூட்டிப் போகவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. முதல் நாளே சிப்பாய்கள் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழேதான் நாங்கள் நிற்போம். கேட்டால் அதே பதில்: இல்லை, பிடிக்கவில்லை. நான் கேட்டுவிட்டுச் சைக்கிளைப் பார்ப்பேன். அது இருந்த இடத்தில் இருந்தால் போய்விடுவேன்.

நாலாம் நாள் நல்ல மழை. களத்தில் தண்ணீர் நின்றது. மழை நேராகச் சீற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதற்கு மெழுகு தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தது ஞாபகம் வந்து, எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. அன்றைக்குக் காவலுக்கு நின்றவர் நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரர், நரைத்த மீசை. நான் கிட்டப் போனேன். என்ன துணிவில் வாய் திறந்தேனோ, சிங்களத்தில்தான் வந்தது.

"ஐயா, அந்தச் சீற்றை மூடிவிட முடியுமா? தோல் நனைந்தால் பழுதாகிவிடும்."

அவர் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். "உனக்குச் சிங்களம் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் சைக்கிளையே பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், அந்தத் தாளை நான் வாசித்தது உட்பட.

"என் அப்பாவின் சைக்கிளிலும் இப்படி ஒன்று இருந்தது" என்றார். "நாங்கள் தொட்டால் அடி." பிறகு, "இனி இங்கே சிங்களம் பேசாதே, தங்கச்சி. யாரோடும் பேசாதே. போ" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கியது. அடுத்த நாள் போனபோது சீற்றின் மேல் ஒரு பொலித்தீன் பை இருந்தது. வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதிகாரி வாசலுக்கு வரவில்லை. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் மாங்கேணியிலிருந்து ஒருத்தி வந்தாள். கடற்தொழில் செய்கிறவனின் பெண்சாதி. அவள் புருசனைப் பிடித்து ஒரு மாதம். வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் குந்தி, மார்புச்சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"அவர்ர பேக்கும் மணிக்கூடும் தந்தவங்க. இதப் போல இன்னொண்டில கையெழுத்து வாங்கினவங்க. இத வச்சிரி, ஆள விடக்குள்ள கேப்பம் எண்டவங்க. இதில என்னகா எழுதியிரிக்கி? உனக்கு யாரும் சிங்களம் தெரிஞ்சாக்களத் தெரியுமா?"

அதே நாலு வரி. சைக்கிள் என்ற இடத்தில் பயணப்பை, கைக்கடிகாரம். நான் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன். தெரியாது என்றேன். அதைத் திரும்பவும் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். சொல்லியிருந்தால் மட்டும் அவளால் என்ன செய்திருக்க முடியும் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் அதற்குப் பிறகு நாலைந்து தடவை வந்தாள். பிறகு காணவில்லை. அவளுடைய புருசன் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் போனபோது சைக்கிள் இல்லை.

மற்றவை எல்லாம் சுவரோடு இருந்தன. மூன்றாவது இடம் வெறுமையாகக் கிடந்தது, பொலித்தீன் பை சீமெந்தில் கிடந்தது. காவலுக்கு நின்றவன் புதியவன். நான் கையைக் காட்டிக் காட்டித் தமிழில் கேட்டேன். அவன் போ போ என்றான். ஆளை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள், சைக்கிளையும் ஏற்றிவிட்டார்கள், இனி கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். அப்போது தெற்கேயிருந்து சைக்கிள் ஒன்று வந்தது. ஒரு சிப்பாய். காண்டிலின் இரண்டு பிடியிலும் பேக்கரிப் பாண் நிறைந்த பைகள். சீற்றைத் தன் உயரத்துக்கு இறக்கியிருந்தான். என்னைக் கடந்து, வாசலுக்குள் போய், சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டுப் பாணைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவருடைய குழியில் வேறொருவன் இருந்து வந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணீர் வந்தது, ஆறுதலில்.

பத்தொன்பதாம் நாள் அந்த நரைத்த மீசைக்காரர் காவலில் இருந்தார். நான் வழக்கம்போலக் கேட்க வாய் எடுக்கும் முன்பே, றோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாளைக்கு வா. தனியே வராதே. ஒரு சாரமும் செருப்பும் கொண்டு வா."

உடுக்கச் சாரமும் போடச் செருப்பும் உயிருள்ளவருக்குத்தான் வேண்டும் என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மச்சாளிடம் சொன்னபோது அவள், "உடம்ப மூடுறதுக்கும் சாரம் கேப்பாங்க" என்றாள். சொன்ன பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூட அதிபரும் எங்களோடு வந்தார். ஒன்பது மணிபோல் என் கணவரைக் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். நடந்துதான் வந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிபர் ஓடித் திரிந்ததா, கோயில் ஐயாவும் பாதரும் போய்க் கதைத்ததா, அல்லது கையெழுத்து வைக்காத அந்தத் தாளா, எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். விசாரித்து விடுதலை செய்ததாக அதில் இருந்தது. அதில் அவர் கையெழுத்து வைத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முகாம் மறைந்ததும் அதிபர், "ஏறுங்க மாஸ்டர், நான் பிடிக்கிறன்" என்றார்.

"ஏலாது" என்றார் அவர். "எதிலயும் இரிக்க ஏலாது."

மூன்று மைலும் நடந்தோம். காண்டிலைப் பிடித்தபடி அதில் சாய்ந்து சாய்ந்து நடந்தார். பாதி வழியில், "நீ ஒவ்வொரு நாளும் வந்தயாம்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தர். சாப்பாடு தாறவர். உன்ர பெண்சாதி ஆளக் கேக்குறத விடச் சீற்றத்தான் கூடப் பாக்கிறாள் எண்டார்." அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை.

ஒன்றரை மாதம் குப்புறத்தான் படுத்தார். முதுகையும் அதற்குக் கீழேயும் நான்தான் மருந்து கட்டினேன். அங்கே நான் கண்டதை எழுதமாட்டேன். அவர் அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மகள் கிட்டப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

எழும்பி நடக்கத் தொடங்கியதும், அயலவர் ஒருவர் தன்னுடைய புதுச் சைக்கிளைக் கொண்டுவந்தார். தடித்த பஞ்சுச் சீற், அடியில் சுருள் கம்பி. மெத்தை மாதிரி இருக்கும், இதில் பழகுங்க என்றார். என் கணவர் ஏறி வேலிவரை போனார். அங்கேயே இறங்கிவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பஞ்சு அமுங்கி நோகிற இடத்தையெல்லாம் ஒன்றாய்ப் பொத்திப் பிடிக்கிறது என்றார். இனி சைக்கிள் ஓடவே முடியாதோ என்று நான் பயந்தேன். சைக்கிள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஒருவரும் பார்க்காத நேரமாக நினைத்து, தன்னுடைய சைக்கிளை வீட்டு வளவுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் குசினி அடுப்படியிலிருந்து பார்த்தேன். சிப்பாய் இறக்கிய சீற்றை உயர்த்தினார். நட்டை அரைச் சுற்று இறுக்கினார். தோலை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி, பாரத்தை இறக்கினார். முகம் சுளித்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு ஊன்றிய காலை எடுத்துவிட்டார். தென்னைகளைச் சுற்றி ஒருதரம், இன்னொருதரம், இடப்பக்கம் தாழ்ந்து தாழ்ந்து.

"நோகல்லையா?" என்று அன்று சாப்பிடும்போது கேட்டேன்.

"நோகுது. எண்டாலும் இது என்ர அளவு. நோகிற இடம் அதில படல்ல."

அந்தச் சைக்கிளின் சட்டம் பிறகு துருப்பிடித்து உடைந்தது. அடுத்த சைக்கிளுக்கும் அதற்கு அடுத்ததற்கும் அதே சீற்றைத்தான் மாட்டினார். பென்சன் எடுத்த பிறகும் சந்தைக்கு அதில்தான் போகிறார். பக்கம் இரண்டும் கறுத்து, விளிம்பு மடங்கியிருக்கிறது. வேறு ஒருவர் ஏறினால் இது என்ன சரிவு என்று உடனே இறங்கிவிடுவார்கள்.

அந்த மாரி முடிந்து, தை பிறந்து அவர் திரும்பப் பள்ளிக்கூடம் போன முதல் நாள், வேறு வழியில்லை, அதே றோட்டு, அதே முகாம். காலை ஆறே காலுக்குப் போனார். வாசலில் நின்று அவருடைய முதுகு மறையும்வரை பார்த்தேன். அதற்குப் பிறகு நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் தெரியாது. சோறு இரண்டு தரம் வடித்திருக்கிறேன். வடக்கே எங்கேயோ மரம் ஒன்று முறிந்து விழுந்த சத்தத்துக்கு மகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியிருக்கிறேன். இரண்டரை தாண்டியது. மூன்றும் தாண்டியது. மச்சாள் என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை.

மூன்றேகாலுக்குச் சைக்கிள் வந்தது. அவர் இறங்கி, காலைக் கொஞ்சம் உதறி, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

"ஒன்பது பிள்ளைகள்தான் வந்ததுகள்" என்றார். "மத்ததுகள் எங்க போனதுகளோ தெரியல்ல. நாளைக்கு வீடு வீடாப் போய்க் கேக்கணும். சோறிருக்கா?"

நான் தட்டை எடுத்து வைத்தேன்.